சான்றிதழ் பெறாத கம்மியர்

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் தோட்டத்திலிருந்தே தொடங்குகின்றனர். அது பொருத்தமே. காடு திருத்தியவர், பால் வெட்டியவர், கொழுந்து பறித்தவர் ஆகியோரின் வாழ்வும் தாழ்வும் ஓரளவேனும் நூல்களில் இடம்பெற்றுள்ளன. ஆயின் அதே தோட்டங்களில், ஆலைக்குள்ளே, எந்திரங்களுக்கு நடுவே நின்று பணிபுரிந்த தமிழரைப் பற்றி நாம் எழுதியது மிகவும் குறைவு. சுழலும் உருளைக்கு எண்ணெய் இட்டவன், அறுந்த வாரைத் தைத்தவன், தேய்ந்த தாங்கியை உருக்கி வார்த்தவன் ஆகியோர் எவ்வாறு அத்தொழிலைக் கற்றனர்? யார் கற்பித்தனர்? கற்றதற்கு என்ன சான்று பெற்றனர்? பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழில் பயிலுதல் உலகெங்கும் பழமையான வழக்கம். இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கைத்தொழில் செய்ய விரும்புவோர் குறைந்தது ஏழாண்டுக் காலம் ஒரு தலைவனிடம் பயில வேண்டும் என விதித்தது. பயில்வோனும் பயிற்றுவோனும் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டனர். அச்சட்டத்தின் இவ்விதிகள் 1814இல் நீக்கப்பட்டன. எனினும் எழுத்து மூலமான ஒப்பந்தமும், குறித்த காலமும், முடிவில் சான்றிதழும் ஆகிய மூன்றும் பெருநிறுவனங்களின் பயிலுநர் முறையில் நிலைத்துவிட்டன. தமிழ்நாட்டிலோ கொல்லரும் தச்சரும் கன்னாரும் தந்தையிடமிருந்து மகன் என்ற முறையில் தொழிலை வழங்கி வந்தனர். அங்கே ஒப்பந்தமும் இல்லை, சான்றிதழும் இல்லை. கைவேலையே சான்று. இவ்விரு முறைகளும் ஒரே மலையில் எதிரெதிரே நின்ற கதையைத்தான் நாம் காணப்போகிறோம்.

மலை திறந்த காலம்

1885ஆம் ஆண்டில் அரசாங்க நில அளவையாளரான வில்லியம் கேமரன் என்பார் பகாங், பேராக் எல்லைப் பகுதிகளை ஆய்ந்தபோது இம்மேட்டு நிலத்தைப் பற்றிக் குறிப்பெழுதினார். அவர் பெயரே மலைக்கு வழங்கலாயிற்று. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925இல், சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னரே இதனை மலைவாழிடமாக வளர்க்கும் முயற்சி வேகம் பெற்றது. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்குச் செல்லும் மலைச்சாலை 1930களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது.

1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்ற தொழிலதிபர் ஹாபு அருகே நிலவுரிமை பெற்றுப் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணை நின்றவர் ஏ. பி. மில்ன் என்பார், இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்தவர். ரசல் 1933இல் காலமானார். ஆயினும் தோட்டம் அவர் குடும்பத்தாரால் தொடர்ந்து நடத்தப்பட்டு, பின்னர்ச் சுங்கை பாலாஸ், பேர்லி ஆகிய தோட்டங்களையும் தன்னுள் கொண்டது. வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தார் 1933இல் தொடங்கிய பாரத் நிறுவனமும், மலையின் வடபுறத்தில் கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலி தோட்டமும் இம்மலையின் தேயிலை வரலாற்றில் குறிப்பிடத்தக்கவை.

இத்தோட்டங்களில் உழைக்க வந்தோருள் மிகப் பெரும்பான்மையினர் தமிழர். ஒன்றை இங்கே கருத வேண்டும். மலாயாவின் பிற பகுதிகளில் தமிழர் அறிந்த பயிர் இரப்பர். தேயிலையோ முற்றிலும் வேறான தொழில். அதன் நுட்பம் இலங்கை வழியாகவே இம்மலைக்கு வந்தது. ‘கொழுந்து’, ‘கவ்வாத்து’ போன்ற தொழிற்சொற்கள் இலங்கை மலையகத்திலும் இம்மலையிலும் பொதுவாக வழங்குவதே அவ்வுறவுக்குச் சான்று பகரும்.

கையிலிருந்து எந்திரத்துக்கு

சீன நாட்டில் தேயிலை கையால் உருட்டப்பட்டு, சட்டியில் வறுக்கப்பட்டது. அதனை எந்திரத் தொழிலாக மாற்றியவர்கள் பிரித்தானியத் தோட்டக்காரர்கள். இலங்கையில் 1869இல் காப்பிச் செடியை இலைத்துரு நோய் தாக்கத் தொடங்கிற்று. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். முதலில் தம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே இலையைக் கையால் உருட்டச் செய்த அவர், பின்னர் உருட்டும் பொறி ஒன்றை அமைத்து, 1872இல் தனி ஆலையும் கண்டார். அதே காலத்தில் அசாமில் வில்லியம் ஜாக்சன் உருட்டும் பொறியைச் செம்மைப்படுத்தினார். அவருடைய பொறிகளை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் நிறுவனம் செய்து ஏற்றுமதி செய்தது. கச்சார்ப் பகுதித் தோட்டத்தில் பணியாற்றிய சாமுவேல் டேவிட்சன் வெந்காற்றால் இலையை உலர்த்தும் பொறியை உருவாக்கி, 1881இல் பெல்பாஸ்ட் நகரில் ‘சிரோக்கோ’ என்னும் பெயரால் தொழிற்கூடம் நிறுவினார்.

கேமரன் மலையில் முதற்செடி நடப்பட்டபோது இவ்வெந்திரங்கள் அரை நூற்றாண்டு வளர்ச்சி பெற்றிருந்தன. ஆகவே இம்மலையின் தேயிலைத் தொழில் தொடக்கத்திலேயே எந்திரத் தொழிலாகப் பிறந்தது எனலாம். எந்திரம் கடல் கடந்து பெட்டியில் வந்து சேரும். அதனை ஓட்டவும் பழுது பார்க்கவும் வல்ல கைகள் பெட்டியில் வருவதில்லை. அக்கைகளை மலையிலேயே உருவாக்க வேண்டியிருந்தது.

இலை காத்திராது

தேயிலை ஆலையின் இயல்பை அறிந்தால்தான் அங்குப் பணிபுரிந்த எந்திரத் தொழிலாளியின் பொறுப்பு விளங்கும். பறித்த கொழுந்தில் நாற்பங்கில் மூன்று பங்குக்கு மேல் நீரே. அதனை மாடியிலுள்ள தட்டுகளிலோ தொட்டிகளிலோ பரப்பிக் காற்றோட்டத்தில் ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம் வாட்டுவர். வாடிய இலை உருட்டும் பொறிக்குள் இறங்கும். வட்ட மேசையின்மீது, அடியும் முடியும் திறந்த உருளைப் பெட்டி ஒன்று சுற்றிச் சுற்றி நகரும். மேலிருந்து ஒரு மூடி திருகினால் அழுத்தும். மேசையின்மீது பதித்த பித்தளை வரம்புகளில் இலை முறுக்குண்டு சாறு கசியும். அச்சாறு காற்றோடு கலக்கும்போது இலை செம்பு நிறம் அடைகிறது. இதனைத் தோட்டத்தார் புளிக்க வைத்தல் என்பர். உண்மையில் அஃது உயிர்வளி ஏற்றமே. குறித்த நேரத்தில் அதனை உலர்த்தும் பொறிக்கு அனுப்பி வெந்காற்றால் நிறுத்த வேண்டும். முடிவில் இலையில் எஞ்சும் ஈரம் நூற்றுக்கு மூன்று அளவே. நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகும்.

இவ்வரிசையில் ஏதேனும் ஒரு பொறி நின்றுவிட்டால் நேர்வது யாது? உருட்டும் பொறி பாதியில் நின்றால் உள்ளிருக்கும் இலை வெம்பும். உலர்த்தும் பொறி நின்றால் புளித்த இலை மேலும் புளித்துச் சுவை கெடும். அடுப்பின் இரும்புக் குழாயில் வெடிப்பு விழுந்தால் புகை கலந்து தூள் முழுதும் நாறும். நூற்றுக்கணக்கான பெண்கள் பகலெல்லாம் பனியிலும் மழையிலும் நின்று பறித்த கொழுந்து ஒரே இரவில் வீணாகிவிடும். இரப்பர்ப் பால் சற்றுப் பொறுக்கும், கொழுந்தோ காத்திராது. எனவே இரவு இரண்டு மணிக்கு எந்திரம் முனகினால், பட்டணத்திலிருந்து பொறியாளர் வரும்வரை ஆலை காத்திருக்க முடியாது. அருகே லயத்தில் உறங்கும் ‘பிட்டர்’ எழுந்து வரவேண்டும்.

கதவோரத்துப் பள்ளிக்கூடம்

மலைத்தோட்டம் ஒன்றின் தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஆலையில் பிட்டராக இருந்த முதியவர் ஒருவரோடு பழகும் பேறு எனக்குக் கிட்டியது. நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். 1939இல், பதினான்காம் வயதில், எந்திர அறையைக் கூட்டித் துடைக்கும் பையனாகச் சேர்ந்தார். தாம் தொழில் கற்ற விதத்தைப் பல மாலைப் பொழுதுகளில் அவர் எனக்கு எடுத்துரைத்தார். அவர் கூறியவற்றின் சாரத்தை இங்கே தருகிறேன்.

முதலாண்டில் அவர் கையில் கொடுக்கப்பட்டவை துணிக்கழிவும் எண்ணெய்க் குப்பியும் மட்டுமே. எந்திரத்தைத் தொடக்கூடாது, துடைக்கலாம். துடைக்கத் துடைக்க எந்த உறுப்பு எங்கே இருக்கிறது, எது எதனோடு இணைகிறது என்பது கைக்குப் பழகிற்று. இரண்டாம் ஆண்டில் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் வேலை. பெரிய பிட்டர் எந்திரத்துக்கு அடியில் படுத்தபடி கையை மட்டும் நீட்டுவார். எந்த அளவு ‘ஸ்பானர்’ வேண்டும் என்று சொல்லமாட்டார். தவறானதை வைத்தால் அது பறந்து வரும். அதன் பின்னரே அரம் பிடிக்கவும், உளியால் வெட்டவும், தோல்வாரைத் தைக்கவும் இடம் கிடைத்தது.

அவர் பெருமிதத்தோடு விளக்கியது தாங்கி வார்க்கும் வேலையை. சுழலும் தண்டைத் தாங்கும் உறுப்பின் உட்புறத்தில் வெள்ளீயம், அந்திமனி, செம்பு கலந்த மெல்லிய உலோகத்தை உருக்கி ஊற்றுவர். ஆறிய பின் தண்டின்மீது மையைப் பூசித் தாங்கியில் வைத்துச் சுழற்றுவர். எங்கே மை ஒட்டுகிறதோ அங்கே மேடு இருக்கிறது. அதனைச் சுரண்டியபின் மீண்டும் மை, மீண்டும் சுரண்டல். தண்டு எங்கும் ஒன்றுபோலப் படியும்வரை இவ்வேலை தொடரும். “அவசரப்பட்டா மறுநாள் தாங்கி கொதிக்கும் வாத்தியாரையா. பொறுமைதான் அதுக்கு எண்ணெய்” என்றார் அவர். எந்திரத்தின் நோயை அவர் காதால் அறிந்தார். ஒரு மரக்குச்சியின் ஒரு முனையைத் தாங்கியின்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். புறங்கையால் தொட்டுச் சூட்டை அளப்பார். இவையெல்லாம் உலகெங்கும் எந்திரத் தொழிலாளர் கையாளும் முறைகளே. அவருக்கு அவற்றைக் கற்பித்தவர் இலங்கைத் தேயிலை ஆலையில் வேலை பழகி வந்த ஒரு தமிழர்.

1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சி அவருடைய பயிற்சியைக் கடுமையாக்கிற்று. இங்கிலாந்திலிருந்து உறுப்புகள் வர வழியில்லை. தோட்டத் தொழிலாளர் பலர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட காலம் அது. உடைந்ததை எறிய முடியாது; வேறொன்றிலிருந்து எடுத்துப் பொருத்தியாக வேண்டும். அவ்வாண்டுகளில் கற்றதை எந்தப் பள்ளியிலும் கற்றிருக்க முடியாது என்று அவர் சொல்லும்போது குரலில் வருத்தமும் பெருமையும் ஒருங்கே ஒலிக்கும்.

இக்கல்வி முழுதும் தமிழிலேயே நடந்தது என்பது நம் கவனத்துக்குரியது. உறுப்புகளின் பெயர்களுள் பல ஆங்கிலத் திரிபுகள். ஆயின் விளக்கம் தமிழ். ‘பல் தின்றுவிட்டது’, ‘வார் வழுக்குகிறது’, ‘தண்டு ஆடுகிறது’, ‘மரை சாப்பிட்டுவிட்டது’ என எந்திரத்தின் குறைகளுக்கெல்லாம் அவர்களிடம் சொல் இருந்தது. இலங்கை மலையகத்தில் சக்கரத்தை ‘ரோதை’ என்பர். போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தது அது. ஆலை எந்திரத்தைக் காக்கும் தெய்வமாக ரோதைமுனியை அங்குள்ள தொழிலாளர் வழிபட்டதும் உண்டு. கேமரன் மலையிலும் ஆயுத பூசையன்று எந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இடும் வழக்கம் இருந்தது. புதிய கருவியைத் தம் மொழிக்குள்ளும் வழிபாட்டுக்குள்ளும் ஏற்றுக்கொண்ட மக்களை எந்திர அறிவுக்குப் புறம்பானவர் என்று எவரும் கூற இயலாது.

கதவும் திறவுகோலும்

மலைக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. செந்தூல் இரயில்வே பணிமனை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே எந்திரத் தொழிலின் பெரிய பயிற்சிக்களம். 1949இல் தோன்றிய மத்திய மின்சார வாரியம் 1965இல் தேசிய மின்சார வாரியமாகவும், 1990இல் தெனாகா நேசனல் நிறுவனமாகவும் மாறிற்று. இத்தகைய பெருநிறுவனங்களில் பயிலுநராகச் சேர்ந்தவனுக்குக் குறித்த காலப் பயிற்சியும், உதவித்தொகையும், முடிவில் சான்றிதழும், பின்னர் ஓய்வூதிய வாய்ப்புள்ள பணியும் கிட்டக்கூடும். 1964இல் தொழிலாளர் அமைச்சு கோலாலம்பூரில் பயிலுநர்களுக்கெனப் பயிற்சிக்கழகம் ஒன்றையும் அமைத்தது. அக்காலத் தொழிலாளர் அமைச்சர் வி. மாணிக்கவாசகம் அவர்கள். தானா ராத்தாவிலுள்ள தமிழ்ப் பள்ளி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆக, கதவு இருந்தது. தோட்டத்துச் சிறுவனிடம் திறவுகோல் இருந்ததா என்பதே வினா. ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் தோன்றின; தொடக்கக் கல்வியோடு நின்றன. மேலே படிக்க விரும்பியவன் வேற்று மொழிக்கு மாற வேண்டும். அதற்கெனப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகக் கழிக்க வேண்டும். பெருநிறுவனங்களோ இடைநிலைக் கல்வித் தேர்ச்சியை எதிர்பார்த்தன. குடியுரிமை மற்றொரு தடை. 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்த பலர் தமிழகம் திரும்பினர். நாட்டிலேயே பிறந்தும் பத்திரம் முறையாக இல்லாத பிள்ளைகளுக்குப் பயிலுநர் விண்ணப்பம் எட்டாக்கனி ஆயிற்று.

அதே காலத்தில், தேயிலைச் சரிவுகளுக்குக் கீழேயே மாபெரும் பொறியியல் பணி ஒன்று நடந்தேறிற்று. பெர்தாம் ஆற்றை ரிங்லெட் அருகே தடுத்துச் சுல்தான் அபு பாக்கார் அணை கட்டப்பட்டது. அந்நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பேராக் மாநிலத்து ஜோர் நிலத்தடி மின்நிலையத்துக்குச் செல்கிறது. 1963இல் செயற்படத் தொடங்கிய அந்நிலையத்தின் ஆற்றல் 100 மெகாவாட். 1968இல் அதற்குக் கீழே அமைந்த வோ நிலையத்தின் ஆற்றல் 150 மெகாவாட். போ தோட்டத்தின் வாயிலாகிய ஹாபுவிலும் சிறு மின்நிலையம் ஒன்று உண்டு. லயத்து வாசலில் நின்றால் எட்டும் தொலைவில் மின்பொறிகள் சுழன்றன. அவற்றைக் கற்கும் வாய்ப்போ லயத்துப் பிள்ளைக்கு நெடுந்தொலைவில் இருந்தது.

ஒரு நேர்முகத் தேர்வு

நான் மேலே குறித்த முதியவருக்கு ஒரு மகன். என் மாணவன். சிறு வயது முதலே பள்ளி விட்டதும் தந்தைக்குச் சோறு கொண்டுபோய், எந்திர அறையிலேயே மாலைப்பொழுதைக் கழிப்பவன். புகுமுக வகுப்பையும் கடந்து, இடைநிலைத் தேர்விலும் ஒருவாறு தேறினான். 1977இல் பெருநிறுவனம் ஒன்று பயிலுநர் வேலைக்கு விளம்பரம் செய்திருந்தது. விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்தது. தாயார் தம் தோட்டை அடகு வைத்துப் புதுச்சட்டையும் பேருந்துச் செலவும் தந்தார்.

மூன்றாம் நாள் திரும்பினான். தேர்வாளர் ஒரு படத்தைக் காட்டி, அதிலுள்ள உறுப்புகளின் பெயரையும் பயனையும் சொல்லக் கேட்டாராம். படத்தில் இருந்தவை தாங்கியும் பற்சக்கரமும் இணைப்பியும். அவன் அறிந்த பெயர்கள் ஆலையில் வழங்கியவை. தேர்வாளர் எதிர்பார்த்த பெயர்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. தடுமாறினான், பின்னர் வாயடைத்துப் போனான். “ஐயா, அந்தச் சாமானைக் கையில குடுத்திருந்தா கழட்டி மாட்டிக் காட்டியிருப்பேன். பேரைத்தானே கேட்டாங்க” என்றான். அவன் தந்தை ஒன்றும் பேசவில்லை. அன்றிரவும் வழக்கம்போல் ஆலைக்குச் சென்றார்.

இதில் தேர்வாளரை மட்டும் குறைகூறுவது எளிது. படத்தைப் படிக்கத் தெரியாதவனைப் பயிற்சிக்கு எடுக்க அவர் தயங்கியதற்குக் காரணமும் உண்டு. என்னை உறுத்தியது வேறு. ஆறாண்டுக் காலம் அவன் என் வகுப்பில் இருந்தான். ஆகுபெயரும் அன்மொழித்தொகையும் கற்பித்தேன். அவன் நாள்தோறும் கண்ட தாங்கிக்கு உரிய பெயரை எந்த மொழியிலும் நான் கற்பிக்கவில்லை. எனக்கே அது தெரியாது. பள்ளிக்கும் ஆலைக்கும் இடையே கால்மைல் தொலைவு. நான் ஒருமுறையேனும் என் மாணவரை அங்கே அழைத்துச் சென்றதில்லை. ஆலையில் வேலை செய்வது படிக்காதவன் விதி என்ற எண்ணம் என்னிடமும் ஒளிந்திருந்தது போலும்.

தமிழால் இயலாததா?

தமிழில் பயின்றதே அப்பிள்ளைகளின் குறை என்று சொல்வாரும் உளர். வரலாறு அதனை மறுக்கின்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவ மாணவர்களைப் பயிற்றுவித்தார். 1860களில் பயிற்று மொழியைத் தமிழாக்கி, உடற்கூறும் அறுவை மருத்துவமும் கூறும் நூல்களைத் தமிழில் பெயர்த்தும் பெயர்ப்பித்தும் அச்சேற்றினார். அறுவை மருத்துவத்தையே தமிழில் கற்பிக்க முடிந்தபோது, பற்சக்கரத்தைக் கற்பிக்க இயலாதென்பது பொருந்துமா? கோவையில் 1926இல் தோன்றிய பூ. சா. கோ. தொழிற்பயிற்சி நிலையத்தில் தொழிற்கூடமும் கல்வியும் ஒன்றாக இணைந்தன. அங்கிருந்து வெளிவந்த ‘கலைக்கதிர்’ இதழ் அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் தமிழ் வாசகரிடம் கொண்டு சேர்த்தது. மொழியில் குறை இருக்கவில்லை. பள்ளியையும் பட்டறையையும் இணைக்கும் ஏற்பாடே மலையில் இல்லாது போயிற்று.

அதே வேளையில், எந்திர அறைக் கல்வியை வரம்பின்றிப் புகழ்வதும் உண்மையாகாது. அதற்கு எல்லைகள் இருந்தன. வரைபடம் படித்தல், நுண்ணளவு எடுத்தல், மின்னியலின் அடிப்படை ஆகியவற்றை அங்கே கற்க வழியில்லை. தண்டும் வாரும் இருந்த இடத்தில் தனித்தனி மின்பொறிகள் வந்தபோது, பழைய பிட்டரின் கைத்திறன் மட்டும் போதவில்லை. அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் 1930களில் உருவாக்கிய, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் முறை பரவியபோதும் இவ்வாறே. அதன் உருளைப் பற்களைக் கூராக்கக் கடைசல் எந்திரமும் துல்லியமான அளவும் வேண்டும். புதிய எந்திரத்தோடு சான்றிதழ் பெற்றவர்கள் வெளியிலிருந்து வந்தனர். நாற்பதாண்டு அனுபவம் கொண்டவர் நேற்றுவந்த இளைஞருக்குக் கருவி எடுத்துக் கொடுத்தார். முதியவர் 1980இல் ஓய்வு பெற்றபோது, அவருடைய சம்பளச் சீட்டில் அவர் வெறும் ‘ஆலைத் தொழிலாளி’ என்றே குறிக்கப்பட்டிருந்தார்.

பட்டறையில் பயின்ற அறிவும் பள்ளியில் பயின்ற அறிவும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை. முன்னது இல்லாத பொறியாளன் எந்திரத்தின் குரலைக் கேளான். பின்னது இல்லாத தொழிலாளி தான் அறிந்ததைப் பிறருக்கு நிறுவிக் காட்டான். நம் மக்களுக்கு வாய்த்தது முன்னது மட்டுமே.

இன்றைய நிலை

இன்று கேமரன் மலைச் சரிவுகளில் கொழுந்து கத்தரிகளாலும் எந்திரங்களாலும் வெட்டப்படுகிறது. தொழிலாளருள் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் நகரங்களை நாடிவிட்டன. தொழிற்பயிற்சித் துறையிலும் பெரும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. ஜெர்மானிய முறையைத் தழுவி, பணியிடத்தில் பெரும்பகுதியும் வகுப்பறையில் சிறுபகுதியுமாகக் கற்கும் இரட்டைப் பயிற்சித் திட்டம் 2005இல் மலேசியாவில் தொடங்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் மலேசியத் திறன் சான்றிதழுக்குச் சட்ட வலிமை தந்தது. பணி அனுபவத்தின் வாயிலாகப் பெற்ற திறனைச் சான்றுகளோடு மெய்ப்பித்து, வகுப்பில் அமராமலேயே சான்றிதழ் பெறவும் இப்போது வழியுண்டு.

இச்செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த முதியவரின் நினைவே வந்தது. அவர் சுரண்டி அமைத்த தாங்கிகளே போதுமான சான்றாகியிருக்கும். ஆனால் அவர் காலத்தில் அத்தகைய ஏற்பாடு அவருக்குக் கிட்டவில்லை. அவர் மகன் பின்னர் ஈப்போவில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்து, இறுதியில் தனக்கென ஒரு பட்டறையும் கண்டான். அவனிடம் இப்போது இளைஞர் மூவர் தொழில் பயில்கின்றனர். ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் மும்மொழியிலும் அட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறான். “பேரு தெரியாம யாரும் திரும்பி வரக்கூடாது ஐயா” என்று என்னிடம் சொன்னான்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இரண்டு. தேயிலை ஆலைகளிலும் இரப்பர் ஆலைகளிலும் இரயில் பணிமனைகளிலும் உழைத்த தமிழ்க் கம்மியர்களுள் எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்களிடம் சென்று, அவர்கள் கற்ற முறையையும் கையாண்ட சொற்களையும் எழுதிவையுங்கள். ஒரு தலைமுறையின் பொறியியல் அறிவு அச்சொற்களில் உறைந்துள்ளது. அடுத்து, நம் பள்ளி மாணவரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள பொருள்களின் பெயரைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதச் செய்யுங்கள். கைக்குத் தெரிந்ததை வாயும் சொல்லப் பழகவேண்டும். நான் கால்மைல் நடக்கத் தவறினேன். அத்தவறு நம் வகுப்பறைகளில் இனியும் தொடர வேண்டாம்.